குதிரைமசாலில் மரபியல் பிணைப்பு வரைபடம்: கலப்பு முதல் சென்டிமார்கன் வரை ஒரு முழு வழிகாட்டி

குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்) வயலைத் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே பச்சை. கிட்டப் போனால் ஒரு செடிக்கு இலை அகலம், பக்கத்துச் செடிக்குக் கணு நெருக்கம், மூன்றாவது ஒன்று பூவெடுக்க ஒரு வாரம் பின்தங்கி நிற்கும். எல்லாம் ஒரே ரகத்தின் விதைதான். ஆனாலும் மரபளவில் எந்த இரண்டு செடியும் ஒன்றல்ல. தேனீயை நம்பி, அயல் மகரந்தத்தில் வாழும் பயிர் இது. நெல்லிலோ தக்காளியிலோ வரைபடம் போட்டுப் பழகியவர்கள் இங்கே வந்து முதலில் தடுக்குவது இந்த இடத்தில்தான்.

வரைபடம் என்று சொல்வது அடிப்படையில் எளிமையான ஒன்று. ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் இரண்டு இடங்கள் சந்ததிக்குச் சேர்ந்தே போகும். தள்ளி இருந்தால் நடுவில் குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நடந்து பிரியும். எத்தனை சந்ததிகளில் பிரிந்தன என்று எண்ணினால் தூரம் கிடைக்கும். அதன் அலகுதான் சென்டிமார்கன்: நூறில் ஒன்று பிரிந்தால் ஏறக்குறைய ஒன்று. 1913-இல் ஆல்ஃபிரெட் ஸ்டர்டிவன்ட் பழ ஈயின் எக்ஸ் குரோமோசோமில் ஆறு காரணிகளை இப்படித்தான் வரிசைப்படுத்தினார். நாம் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ குறிப்பான்களை (செடிக்குச் செடி மாறுபடும் டிஎன்ஏ இடங்களை) வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மென்பொருளில் நிறைய நேரம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வரைபடத்தின் தலையெழுத்து அதற்கு முன்பே, கலப்பு செய்யும்போதும் குறிப்பான்களைச் சலிக்கும்போதும் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் நிற்கப் போகிறேன்.

1. நான்கு பிரதிகள் என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

குதிரைமசாலுக்கு அடிப்படைக் குரோமோசோம்கள் 8. சாகுபடியில் இருப்பது தன்நான்மடியம்: ஒவ்வொன்றிலும் நான்கு பிரதிகள், மொத்தம் 32. அந்த நான்கில் எது எதோடு வேண்டுமானாலும் இணை சேரும். கோதுமையும் பன்மடியம்தான்; ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் இணை இன்னதென்று உறுதி. இங்கே அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 16 குரோமோசோம் கொண்ட இருமடியச் சொந்தங்களும் இந்தப் பயிருக்கு உண்டு. 1993-இல் வந்த ஆரம்பகால வரைபடங்கள் அவற்றில்தான் போடப்பட்டன. கணக்கு எளிது என்பதால். முதல் தடவை செய்பவர் இருமடியத்தில் தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் விவசாயி விதைப்பது நான்மடியம் என்பதால், இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பானின் ஒரு வடிவம் நான்கு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால் அதை ஒற்றை அளவு என்போம், இரண்டில் இருந்தால் இரட்டை அளவு. பாலணு (மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனப்பெருக்கச் செல்) ஒவ்வொன்றுக்கும் நான்கில் இரண்டு பிரதிகள் போகும். ஆக, தாயிடம் ஒற்றை அளவில் இருந்து தந்தையிடம் இல்லவே இல்லாத ஒரு வடிவம் பிள்ளைகளில் சரிபாதிக்குப் போகும்: 1:1. இரட்டை அளவென்றால் 5:1. தாய், தந்தை இருவரிடமும் ஒற்றை அளவு என்றால் 3:1.

இந்த 1:1 குறிப்பான்தான் நமக்குத் தங்கம். நான்மடியத்தின் சிக்கல் எல்லாம் இருக்கட்டும், இந்த ஒரு வகைக் குறிப்பானுக்கு மட்டும் இருமடியக் கணக்கே பொருந்தும்.

2. பெற்றோர் தேர்வு

'இந்த ரகம் × அந்த ரகம்' என்று குறிப்பேட்டில் எழுதினால் அது தவறு. ரகம் என்பது இங்கே ஒரு கூட்டம். நீங்கள் கலப்பது ஒரு தனிச் செடியையும் இன்னொரு தனிச் செடியையும். அந்த இரண்டு செடிகளும் செத்துவிட்டால் விதை வாங்கி மீண்டும் உருவாக்க முடியாது. எனவே கலப்புக்கு முன்பே தண்டுத் துண்டுகளை வேர்விட வைத்து, ஒவ்வொரு பெற்றோருக்கும் நான்கைந்து நகல் செடிகளாவது இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள்.

தூய வழி (தலைமுறைதோறும் மாறாமல் வரும் செடிகள்) எடுக்கலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். தன் மகரந்தத்தில் இரண்டு மூன்று தலைமுறை ஓட்டினாலே செடி நலிந்து, விதைப் பிடிப்பு விழுந்துவிடும். அதற்குத் தேவையும் இல்லை. பெற்றோர் இருவரும் கலப்பின நிலையிலேயே (ஒரே இடத்தில் வேறுவேறு வடிவங்களோடு) இருப்பதால், முதல் சந்ததியிலேயே பிரிவு நடக்கிறது. தாயின் ஒற்றை அளவுக் குறிப்பான்களை வைத்துத் தாய்க்கு ஒரு வரைபடம், தந்தைக்குத் தனியாக ஒன்று. 1994-இல் யூகலிப்டஸில் பெயர்பெற்ற இந்த உத்திக்குப் போலிச் சோதனைக் கலப்பு என்று பெயர். தீவனப் பயிர்களில் ரைகிராஸ், குளோவர் என்று தன் மகரந்தத்தை ஏற்காத எல்லாவற்றுக்கும் இதுதான் கைகொடுக்கிறது.

நீங்கள் ஆராய விரும்பும் பண்பில் (குளிர் தாங்குவது, அமில மண்ணில் அலுமினியத்தைச் சமாளிப்பது, செரிமானத் தன்மை என்று எதுவாகவும் இருக்கலாம்) பெற்றோர் இருவரும் எதிரெதிராக இருந்தால் நல்லது.

3. கலப்பு

குதிரைமசால் பூவின் படகு அல்லிக்குள் மகரந்தத் தாள்களும் சூலகமும் வில்லாக விறைத்து அடங்கியிருக்கும். தேனீ உட்கார்ந்து அழுத்தினால் பட்டென்று விடுபட்டு மேலே கொடி அல்லியில் அடிக்கும். அந்த அடியில்தான் சூல்முடியின் மெல்லிய படலம் கிழிந்து மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். நாம் தேனீயின் வேலையைச் செய்ய வேண்டும். ஒரு சிறு அட்டையை நடுவில் மடித்துக்கொண்டு, முதலில் தந்தைச் செடியின் பத்துப் பதினைந்து பூக்களை அதில் விடுவித்தால் மடிப்பில் மஞ்சளாக மகரந்தம் சேரும். அப்புறம் அதே மடிப்பைத் தாய்ப் பூவுக்கு முன் வைத்து, படகு அல்லியை மெல்ல அழுத்துங்கள். சூல்முடி நேராக அந்த மகரந்தத்தில் வந்து அடிக்கும்.

தாய்ப் பூவின் சொந்த மகரந்தத்தை முன்கூட்டி அகற்றலாம். ஆல்கஹாலில் நனைப்பது, உறிஞ்சு குழாய் வைப்பது என்று வழிகள் உண்டு. நான் அகற்றாமலே கலந்து, தன் மகரந்தத்தில் பிறந்தவற்றைப் பிறகு குறிப்பான் வைத்துக் களைவதையே விரும்புகிறேன். பூ அடிபடுவதில்லை, விதை அதிகம். தந்தையிடம் மட்டுமே உள்ள வடிவங்களில் ஒன்றுகூடக் காட்டாத பிள்ளை தாயின் தன் மகரந்தப் பிள்ளை. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விதையை முளைக்க வைக்கும்போது ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. குதிரைமசாலில் கடின உறை விதைகள் கலந்திருக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்க்காமல் போட்டு, முதல் வாரத்தில் முளைத்ததை மட்டும் எடுத்தால், உங்களுக்குத் தெரியாமலே ஒரு தேர்வு நடந்துவிடும். எல்லாவற்றையும் தேய்த்து, எல்லாவற்றையும் வளர்த்து, அதிலிருந்து குலுக்கி எடுங்கள்.

எத்தனை செடி? மறுசேர்க்கை வீதம் (இரண்டு குறிப்பான்கள் பிரிந்துபோன பிள்ளைகளின் பங்கு) 10 சதவீதம் என்றால், 50 செடிகளில் அதன் பிழை சுமார் 4.2 சதவீதம்; 200 செடிகளில் 2.1 சதவீதம். நான்மடியத்தில் 200-க்குக் கீழே போகாதீர்கள். காரணம் ஏழாவது படியில் வரும்.

4. டிஎன்ஏ

முழுதாக விரியாத இளம் இலை, உடனே குளிரில், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வழக்கமான சிடிஏபி முறை. இதில் சொல்ல அதிகம் இல்லை. 96 குழித் தட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஒருமுறை எங்கள் தட்டுகளில் ஒன்று தலைகீழாகத் திரும்பி ஏற்றப்பட்டிருந்தது; ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் எச்12. டிஎன்ஏ நன்றாக இருந்தது, வாசிப்பும் நன்றாக இருந்தது. குறிப்பான்கள் ஒன்றோடொன்று அழகாகப் பிணைந்தும் வந்தன, ஏனென்றால் ஒரே தட்டுக்குள் எல்லாமே சேர்ந்தே இடம் மாறியிருந்தன. வயல் அளவீடுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் ஒரு குழியைக் காலியாக விடுகிறேன், தட்டுக்குத் தட்டு வேறு குழி. இரண்டு பெற்றோரையும் எல்லாத் தட்டிலும் வைக்கிறேன்.

5. குறிப்பான்

ஆர்எஃப்எல்பி, எஸ்எஸ்ஆர் என்ற பழைய குறிப்பான் வகைகளின் காலமெல்லாம் போய், இப்போது பெரும்பாலும் வெட்டுநொதியால் ஜீனோமை (செடியின் மொத்த டிஎன்ஏவை)க் குறைத்து, அந்தத் துண்டுகளை மட்டும் வாசித்து, ஒற்றை எழுத்து மாற்றங்களை எடுப்பதுதான் வழக்கம். 2011 முதல் பரவிய முறை, செலவு குறைவு. கவனிக்க வேண்டியது ஆழம், அதாவது ஓர் இடம் ஒரு செடியில் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது.

ஒற்றை அளவில் உள்ள வடிவம் ஒவ்வொரு வாசிப்பிலும் தெரிய நான்கில் ஒரு வாய்ப்பு. பத்து முறை வாசித்தும் அது ஒருமுறைகூடத் தெரியாமல் போக 0.75-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 5.6 சதவீதம். 11 முறை என்றால் 4.2 சதவீதம். எனவே '0' (அந்த வடிவம் இல்லை) என்று எழுத 11 வாசிப்பாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் '0' என்று எழுதக் கூடாது, 'தரவு இல்லை' என்று எழுத வேண்டும். '1' (இருக்கிறது) என்று எழுத இரண்டு வாசிப்பில் தெரிந்தாலே நான் ஒப்புக்கொள்வேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவையே பிரித்தறிய வேண்டுமானால் 11 போதவே போதாது. உருளைக்கிழங்கு நான்மடியத்தில் செய்தவர்கள் 60-க்கு மேல் கேட்கிறார்கள்.

பெற்றோரை மட்டும் பல மடங்கு ஆழமாக வாசியுங்கள். அவர்களிடம் பிழை நுழைந்தால் அந்தக் குறிப்பானே பாழ்.

6. சலித்தல்

தாயில் இருந்து தந்தையில் இல்லாதவை ஒரு கோப்பு; தந்தையில் மட்டும் இருப்பவை இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 1:1-க்குக் கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்த்த விகிதத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கு). 200 செடிகளில் 115-இல் இருக்கிறது, 85-இல் இல்லை என்றால் மதிப்பு 4.5. ஐந்து சதவீத வரம்பான 3.84-ஐத் தாண்டுகிறது, ஒரு சதவீத வரம்பான 6.63-ஐத் தாண்டவில்லை. வைத்துக்கொள்ளலாமா? நான் வைத்துக்கொள்வேன். ஐயாயிரம் குறிப்பான் சோதித்தால் ஐந்து சதவீத வரம்பில் 250 நல்ல குறிப்பான்கள் வெறும் அதிர்ஷ்டக் குறைவால் விழும். 5:1 குறிப்பான் 200-இல் ஏறக்குறைய 167:33 என்று வரும். அது 1:1-ஓடு குழம்பவே குழம்பாது. 3:1 என்றால் 150:50. ஆக வரம்பைத் தளர்த்தினாலும் ஆபத்து குறைவு.

விலகும் குறிப்பான்கள் எல்லாமே பிழையும் அல்ல. ஒரே பகுதியில் இருபது குறிப்பான்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அங்கே உயிர்பிழைப்பைப் பாதிக்கும் ஏதோ உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவற்றை ஒதுக்கி வைத்து, வரைபடம் தயாரான பிறகு மீண்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். தனியாக ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் அது வாசிப்புப் பிழை, போகட்டும்.

கால்வாசிக்கு மேல் செடிகளில் தரவு இல்லாத குறிப்பானை நீக்குங்கள். அச்சு அசலாக ஒரே வரிசை காட்டும் குறிப்பான்களில் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கணினிக்குப் பாதி வேலை குறையும்.

7. குழுவாக்கம்

சேர்ந்தே போகும் குறிப்பான்களை ஒரே குழுவாகச் சேர்க்கும் படி இது. இங்கேதான் நான்மடியம் தன் குணத்தைக் காட்டும்.

இரண்டு ஒற்றை அளவுக் குறிப்பான்கள் தாயின் ஒரே பிரதியில் இருந்தால் இணைவு நிலை. கணக்கு சாதாரணம்: 200 செடிகளில் 24-இல் பிரிந்திருந்தால் மறுசேர்க்கை 12 சதவீதம். பிணைப்பு உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்குமான வாய்ப்பு விகிதத்தின் மடக்கை, அதாவது லாட் மதிப்பு, 28.3. 3 என்றால் ஆயிரத்துக்கு ஒன்று என்று அர்த்தம். 28 என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஒரு குறிப்பான் முதல் பிரதியிலும், இன்னொன்று இரண்டாம் பிரதியில் அதே இடத்திலும் இருந்தால் விலகு நிலை. இருமடியத்தில் இவை ஒருபோதும் ஒரே பாலணுவில் சேரா. அதுவே பிணைப்புக்கு அத்தாட்சி. நான்மடியத்தில் பாலணு இரண்டு பிரதிகளை எடுப்பதால் ஆறில் ஒன்றில் இரண்டுமே வரும், ஆறில் ஒன்றில் இரண்டுமே வராது. தூரம் பூஜ்யமாக இருந்தும் மூன்றில் ஒரு பங்கு 'மறுசேர்க்கை' போலத் தோன்றும். அதற்குக் கிடைக்கும் லாட் மதிப்பு 200 செடிகளில் சராசரியாக 4.9. இணைவு நிலையில் பூஜ்யத் தூரத்துக்கு இதே 200 செடிகளில் 60 கிடைக்கும். 50 செடிகளோடு வந்தால் விலகு நிலை 1.2-இல் நின்றுவிடும், கண்ணுக்கே தெரியாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வழி பிறக்கிறது. குழுவாக்கும் வரம்பை 3-இல் வைத்தால் வெவ்வேறு பிரதிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். 8-க்கு ஏற்றுங்கள். விலகு நிலை இணைகள் பெரும்பாலும் அறுந்துவிடும். இணைவு நிலையிலோ 28 சதவீத மறுசேர்க்கை வரை 8-ஐத் தொடும் என்பதால் குழு உடையாது. ஒரு பெற்றோருக்கு 32 குழுக்கள் எதிர்பாருங்கள், இருவருக்கும் 64. 2014-இல் வெளியான நான்மடியக் குதிரைமசால் வரைபடத்தில் சரியாக 64 குழுக்கள் கிடைத்தன. முதல் ஓட்டத்தில் உங்களுக்கு ஒரு பெற்றோருக்கு 40 வந்தாலும் பதற வேண்டாம். நடுவில் குறிப்பான் இல்லாத இடைவெளியில் ஒரு பிரதி இரண்டாக நிற்கிறது, அவ்வளவே. 20 வந்தால்தான் கவலை. எங்கோ ஒரு கெட்ட குறிப்பான் இரண்டு குழுக்களுக்குப் பாலம் போட்டிருக்கிறது.

8. வரிசையும் தூரமும்

மூன்று குறிப்பான்களை எடுத்துக்கொள்வோம். 200 செடிகளில் அ–ஆ இடையே 24, ஆ–இ இடையே 18, அ–இ இடையே 40 பிரிவுகள். பெரிய எண் அ–இ, எனவே ஆ நடுவில். ஆனால் 24-ம் 18-ம் 42 அல்லவா, 40 ஏன்? ஒரு செடியில் இரண்டு பக்கமும் குறுக்கேற்றம் நடந்து, ஓரங்கள் இரண்டும் பிரியாததுபோல் ஆகிவிட்டன. இந்த மறைந்துபோன குறுக்கேற்றத்தைச் சரிக்கட்டத்தான் தூரச் சார்பு. ஒரு குறுக்கேற்றம் பக்கத்தில் இன்னொன்றைத் தடுப்பதில்லை என்று கொள்வது ஹால்டேனின் 1919 சார்பு. ஓரளவு தடுக்கும் என்று கொள்வது கணித அறிஞர் டி. டி. கோசம்பியின் 1944 சார்பு. 12 சதவீத மறுசேர்க்கைக்கு முன்னது 13.7 சென்டிமார்கன் தரும், பின்னது 12.2 தரும். தாவரங்களில் பெரும்பாலும் கோசம்பிதான். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாமல் விட்டால் உங்கள் வரைபடத்தை யாரும் ஒப்பிட முடியாது.

மென்பொருளில், 1:1 குறிப்பான்களுக்கு ஜாயின்மேப் போதும். 5:1, 3:1 எல்லாவற்றையும் அளவோடு சேர்த்து ஒரே வரைபடமாக்க டெட்ராப்ளாய்டுமேப், பாலிமேப்ஆர், மேப்பாலி உண்டு. அளவை உறுதியாகச் சொல்லும் ஆழமான தரவு கையில் இல்லாமல் இரண்டாவது வகைக்குள் நுழைவது வீண் வேலை.

9. துடைத்தல்

மென்பொருள் தந்த நீளத்தைப் பாருங்கள். ஒரு குரோமோசோமில் ஒரு கட்டாயக் குறுக்கேற்றத்துக்கு 50 சென்டிமார்கன். ஒரு குழு 60 முதல் 120 வரை இருந்தால் நம்பலாம். 300 என்று வந்தால் அது குரோமோசோமின் நீளமே அல்ல, பிழையின் நீளம். நடுவில் ஒரு தவறான எழுத்து இரண்டு போலிக் குறுக்கேற்றங்களை உண்டாக்கும். ஒவ்வொரு குறிப்பானிலும் ஒரு சதவீதப் பிழை இருந்தால் குறிப்பானுக்கு 2 சென்டிமார்கன் வீங்கும். நூறு குறிப்பான் உள்ள குழுவில் 200!

ஒவ்வொரு செடியையும் வரைபட வரிசையில் விரித்துக் கண்ணால் பாருங்கள்:

செடி 17: 1 1 1 1 1 0 0 0 0 0
செடி 42: 1 1 1 1 0 1 1 1 1 1
செடி 88: 1 0 0 1 1 0 1 0 0 1

17 உண்மையான ஒரு குறுக்கேற்றம். 42-இல் ஐந்தாவது எழுத்து சந்தேகம். மூலத் தரவில் அங்கே எத்தனை வாசிப்பு என்று பார்த்து, குறைவாக இருந்தால் 'தரவு இல்லை' ஆக்குங்கள். அதை '1' என்று திருத்தாதீர்கள், அது உங்கள் ஆசை, தரவு அல்ல. 88 எல்லாக் குழுக்களிலும் இப்படியே குதித்தால் டிஎன்ஏ கலந்துவிட்டது, செடியையே நீக்குங்கள்.

பிழைகள் எந்தப் பக்கம் என்றும் எண்ணிப் பாருங்கள். எல்லாமே 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 என்றால் ஆழம் போதவில்லை. 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 என்றால் மாதிரிக் கலப்படம், அல்லது ஜீனோமில் இரண்டு இடங்களின் வரிசை ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. துடைத்த பிறகு எட்டாம் படியை மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும்.

10. 32-ஐ 8 ஆக்குவது

எந்த நான்கு குழுக்கள் ஒரே குரோமோசோமின் பிரதிகள்? இரட்டை அளவுக் குறிப்பான் ஒன்று இரண்டு குழுக்களோடும் பிணைந்தால் அவை உடன்பிறப்புகள். 3:1 குறிப்பான் தாய்க் குழுவையும் தந்தைக் குழுவையும் கோக்கும். குறுக்குவழி, குறிப்பான்களின் வரிசையை அறியப்பட்ட ஜீனோமில் பொருத்திப் பார்ப்பது. நெருங்கிய சொந்தமான மெடிக்காகோ ட்ரங்கட்டுலாவின் ஜீனோம் 2011-இல் வந்தது. குதிரைமசாலின் 32 குரோமோசோம்களையும் தனித்தனியே பிரித்த ஜீனோம் 2020-இல்.

ட்ரங்கட்டுலாவின் மேற்கோள் வகையான ஏ17-இல் 4, 8 என்ற இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் பொருத்தினால் உங்கள் நான்காம் குழுவின் ஒரு பகுதி எட்டில் போய் நிற்கும். உங்கள் வரைபடம் தவறு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

11. பண்பை ஏற்றுவது

பண்பைத் தீர்மானிக்கும் மரபணு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடும் படி இது. பிள்ளைச் செடிகளைத் தண்டுத் துண்டில் நகலெடுத்து, இரண்டு மூன்று இடங்களில், ஓரிரண்டு ஆண்டு அளவெடுங்கள். தீவனப் பயிரில் ஒரே நடவில் பல அறுவடை. ஒவ்வொன்றையும் தனியாக ஆராய்வது நல்லது, கூட்டினால் குளிர்கால அறுவடையின் கதை கோடைக்குள் மறைந்துவிடும். அளவீடுகளை ஆயிரம் முறை கலைத்துப்போட்டு, எதை உண்மை என்று ஏற்கலாம் என்ற வரம்பைக் கணக்கிடும் முறை 1994 முதல் நடைமுறையில் உள்ளது, அதையே செய்யுங்கள். 200 செடிகளில் கிடைக்கும் விளைவின் அளவு எப்போதும் கொஞ்சம் மிகையாகவே தெரியும்.

முடிவை எழுதும்போது 'மூன்றாம் குரோமோசோம்' என்று நிறுத்தாமல் 'தாயின் மூன்றாம் குரோமோசோம், இரண்டாம் பிரதி' என்று எழுதுங்கள். இன்னொரு கலப்பில் அதே குறிப்பானைத் தேடப் போகிறவருக்கு இது அவசியம். அங்கே அதே எழுத்து மாற்றம் வேறு பிரதியில், நல்ல மரபணு இல்லாமலே இருக்கலாம். எனவே ஒற்றைக் குறிப்பானை நம்பாமல், அந்தப் பகுதியின் இரண்டு பக்கமும் ஒரே பிரதியில் நிற்கும் ஐந்தாறு குறிப்பான்களைச் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.